கடலைப் பார்த்து நிற்கும் ரயில் நிலையம்: இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா

பெரிய ரயில் நிலையங்களின் முகம் பொதுவாக ஊரைப் பார்த்து இருக்கும். வாசலில் சாலை, வண்டி நிறுத்தம், டீக்கடை, லாட்ஜ். முதுகுப் பக்கம் தண்டவாளம். இஸ்தான்புல் நகரத்தின் ஆசியக் கரையில் காடிகோய் பகுதியை ஒட்டி நிற்கும் ஹைதர்பாஷா நிலையம் அப்படி இல்லை. அதன் முகப்பு நேராகக் கடலைப் பார்க்கிறது. முன்வாசல் படிக்கட்டில் இறங்கினால் கொஞ்ச தூரம் கல் பாவிய தளம், அதற்கப்புறம் தண்ணீர். வண்டிகள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு படகுத்துறை.

கட்டட வடிவமைப்பாளர் விளையாட்டுக்காகச் செய்த காரியம் இல்லை இது. இந்த நிலையத்தில் ரயில் ஏற வந்தவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கரையிலிருந்து படகில் வந்தார்கள். ரயிலில் வந்து இறங்கியவர்களும் படகேறித்தான் பழைய நகரத்துக்குப் போனார்கள். இஸ்தான்புல்லின் பழைய நகரம் இருப்பது ஐரோப்பியக் கரையில். ஆசியாவுக்குள் போகும் ரயில் புறப்படுவது ஆசியக் கரையில். நடுவே பாஸ்பரஸ் நீரிணை. ஐரோப்பாவிலிருந்து வரும் தண்டவாளம் அந்தப் பக்கம் சிர்கெஜி நிலையத்தோடு முடிந்துவிடும். ஆசியத் தண்டவாளம் இந்தப் பக்கம் ஹைதர்பாஷாவில் தொடங்கும். கடல் குறுக்கே கிடந்ததால்தான் இந்த நிலையம் வேண்டியிருந்தது. இவ்வளவு ஆடம்பரமாக அது எழுந்ததற்கும், நூறு ஆண்டு கழித்து வேலையில்லாமல் போனதற்கும் காரணத்தை இந்த இடத்திலிருந்துதான் தேட வேண்டும்.

தொடக்கம் எளிமையானதுதான். 1871-ல் ஒட்டோமான் அரசு தன் சொந்தச் செலவில் ஹைதர்பாஷாவிலிருந்து இஸ்மித் வரை 91 கிலோமீட்டருக்குப் பாதை போடத் தொடங்கியது. மறு ஆண்டே ஒரு பகுதி திறக்கப்பட்டது. 1873-ல் ரயில் இஸ்மித்தை எட்டியது. அன்றைய நிலையம் ஒரு சின்னக் கட்டடம். அதற்குமேல் பாதையை இழுக்க அரசிடம் பணம் இல்லை. 1875-லேயே ஒட்டோமான் கஜானா கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்துவிட்டது. 1881-ல் கடன் கொடுத்த ஐரோப்பியர்களின் சார்பில் ஒரு பொதுக்கடன் நிர்வாகமே இஸ்தான்புல்லில் வந்து உட்கார்ந்து, உப்பு, புகையிலை, பட்டு என்று பல வரிகளைத் தானே வசூலிக்கத் தொடங்கியது.

இந்த நிலையில்தான் ஜெர்மானியர்கள் வருகிறார்கள். பிரிட்டனும் பிரான்சும் ஏற்கெனவே பேரரசின் கழுத்தில் கை வைத்திருந்தன. எகிப்து 1882-ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. ஜெர்மனிக்கு அந்தப் பக்கம் காலனி எதுவும் கிடையாது. அதனால் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதுக்கு அவர்கள் ஆபத்து குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். 1888-ல் டாய்ச்செ வங்கியின் தலைமையிலான குழுவுக்கு இஸ்மித் பாதையை அங்காரா வரை நீட்டும் உரிமை கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அனதோலிய ரயில்வே கம்பெனி உருவானது; துருக்கியின் ஆசியப் பகுதிக்குத்தான் அனதோலியா என்று பெயர். 1892-ல் அங்காரா, 1896-ல் கோன்யா. வேகம் பெரிய வேகம்தான்.

அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்கு நட்டம் வராமல் இருக்க, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு வருமானம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. ரயில் காலியாக ஓடினாலும் குறையும் தொகையை அரசு ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஈடாக, பாதை கடந்து போகும் மாவட்டங்களில் விவசாயிகள் கட்டிய தானிய வரி அடகு வைக்கப்பட்டது. வசூலித்துக் கொடுப்பது மேலே சொன்ன பொதுக்கடன் நிர்வாகம். ஆக, அனதோலியாவில் கோதுமை விளைவித்த குடியானவன்தான் கடைசியில் இந்தத் தண்டவாளத்துக்குப் பணம் கட்டினான். அவனுக்கும் இதில் கொஞ்சம் பலன் இருந்தது என்பதை மறுக்க முடியாது. கோன்யா சமவெளிக் கோதுமை முதல்முறையாக இஸ்தான்புல் சந்தைக்கு மலிவாக வந்து சேர்ந்தது. அதுவரை அந்த நகரம் கடல்வழியாக வந்த வெளிநாட்டுத் தானியத்தைப் பெரிதும் நம்பியிருந்தது.

கோதுமை வந்தால் இறக்கிவைக்க இடம் வேண்டுமே. 1899-ல் கம்பெனி ஹைதர்பாஷாவில் துறைமுகம் கட்டும் உரிமையையும் வாங்கியது. 1903 வாக்கில் அலைதடுப்புச் சுவரும் கப்பல்துறையும் தானியக் கிடங்குகளும் தயார். அதே 1903-ல்தான் இன்னும் பெரிய உரிமை ஒன்றும் கையெழுத்தானது. பாதையைக் கோன்யாவிலிருந்து டாரஸ் மலைகளைக் குடைந்து பாக்தாத் வரை, முடிந்தால் பாரசீக வளைகுடா வரை கொண்டுபோகும் உரிமை அது. இதுதான் பெயர்பெற்ற பாக்தாத் ரயில்வே. லண்டனில் பலருக்கு இதைக் கேட்டதும் தூக்கம் போனது. பெர்லினிலிருந்து வளைகுடாவுக்கு ரயில் வந்தால், அதன் அடுத்த பக்கம் இந்தியா அல்லவா!

பழைய நிலையம் இதற்கெல்லாம் போதாது என்று முடிவாகி, 1906 மே மாதம் புதிய கட்டடத்துக்கு வேலை தொடங்கியது. வரைந்தவர்கள் ஒட்டோ ரிட்டர், ஹெல்முட் கூனோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள். கட்டியது ஃபிராங்ஃபர்ட்டின் ஃபிலிப் ஹோல்ட்ஸ்மான் நிறுவனம். கல் வேலைக்கு இத்தாலியிலிருந்து கல்தச்சர்கள் வரவழைக்கப்பட்டார்கள்.

முதல் சிக்கல் நிலம். கட்டடம் நிற்க வேண்டிய இடம் கடலைத் தூர்த்து உண்டாக்கியது. அடியில் சேறும் இளகிய மண்ணும். அதன்மேல் கல்லால் பல மாடி எழுப்பினால் ஒரு மூலை இறங்கிச் சுவர் பிளந்துவிடும். அதனால் நீராவிச் சம்மட்டி கொண்டு 1,100 மரத்தூண்களை, ஒவ்வொன்றும் 21 மீட்டர் நீளம், கெட்டி மண்ணை எட்டும்வரை அடித்து இறக்கினார்கள். இன்று கட்டுமான ஆட்கள் பைல் போடுவது என்கிறார்களே, அதேதான். கான்கிரீட்டுக்குப் பதில் மரம். எல்லாத் தூண்களையும் முனையோடு முனை சேர்த்து வைத்தால் 23 கிலோமீட்டர் வரும். மரம் கடலோரத்தில் உளுத்துப்போகாதா என்று கேட்கத் தோன்றும். எப்போதும் தண்ணீருக்குள்ளேயே முழுகிக் கிடக்கும் மரத்துக்குக் காற்று கிடைப்பதில்லை. மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று இல்லாமல் பிழைப்பு இல்லை. வெனிஸ் நகரம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்பதும் இந்த விதியை நம்பித்தான். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால்தான் மரத்துக்குக் கேடு. 1999-ல் இஸ்மித்தைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் இஸ்தான்புல்லையும் உலுக்கியபோது கட்டடம் அசையாமல் நின்றது.

மேலே கட்டியதைப் பார்ப்போம். வானிலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ‘யூ’ போன்ற அமைப்பு. ஆனால் ஒரு கை நீளம், மற்றது குட்டை. நடுவே உள்முற்றம். ‘யூ’வின் வளைவு நெடுக நடைகூடம் ஓடுகிறது, இரு பக்கமும் அறைகள். கீழ்த்தளம் பயணிகளுக்கு. மேல்தளங்கள் கம்பெனி அலுவலகத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது: இந்தக் கட்டடத்தில் பெரும்பகுதி ரயிலுக்காகக் கட்டியது இல்லை, ரயிலை நடத்தியவர்கள் உட்காரக் கட்டியது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு ஒரு நிலையத்தைவிட ஒரு தலைமை அலுவலகம் தெரிவது அதனால்தான்.

கடலோரத் தளத்திலிருந்து அகலமான படிக்கட்டு ஏறுகிறது. அடிப்பகுதி கரடுமுரடாக விடப்பட்ட கனமான கல். அதற்கு மேலே உள்ள தளங்களுக்கு அனதோலியாவின் லெஃப்கே பகுதியில் வெட்டிய, மஞ்சள் கலந்த பச்சை நிறக் கல். மாலை வெயில் பட்டால் தேன் நிறத்துக்கு வரும். பெரிய ஜன்னல்கள், அவற்றுக்கு மேல் வளைவுகள், ஜன்னல்களுக்கு இடையே சுவரோடு ஒட்டிய தூண்கள். கடல் பக்கத்து இரண்டு மூலைகளிலும் உருண்டையான கோபுரங்கள், அவற்றின் தலையில் கூம்புக் கூரை. நடுவில் மேலெழும் முகட்டில் ஒரு கடிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே செங்குத்தான பெரிய கூரை, அதன்மேல் ஸ்லேட் கல். இஸ்தான்புல்லில் கட்டாயம் பனி விழும். ஆனாலும் இவ்வளவு சரிவான கூரை கேட்கும் அளவுக்கு விழாது. அந்தக் கூரை வந்தது வானிலையைப் பார்த்து இல்லை, ஜெர்மனியைப் பார்த்து. ரைன் ஆற்றங்கரையில் எங்காவது நகர மண்டபமாக நிற்க வேண்டியதைத் தூக்கிவந்து மர்மரா கடலின் வாயில் வைத்த மாதிரி இருக்கிறது என்றால் மிகையில்லை.

உள்ளே கூடம் உயரமானது. கூரையடியில் கையால் தீட்டிய பூவேலைகள், கடல் பக்கம் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கண்ணாடி வேலை ஃபிராங்ஃபர்ட்டில் பெயர்பெற்ற லின்னமான் பட்டறையினுடையது. காத்திருப்புக் கூடத்திலும் அதை ஒட்டிய உணவகத்திலும் பிற்காலத்தில் எத்தனையோ எழுத்தாளர்களும் நடிகர்களும் அரசியல்வாதிகளும் அங்காரா ரயிலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

இதே நேரத்தில் எதிர்க்கரைச் சிர்கெஜி நிலையத்தையும் பார்க்க வேண்டும், அப்போதுதான் வேடிக்கை புரியும். அது 1890-ல் திறந்தது. வரைந்தவர் ஆகஸ்ட் யாஸ்முண்ட், அவரும் ஜெர்மானியர்தான். ஆனால் அவர் வைத்தது குதிரைலாட வளைவு, வட்ட வண்ண ஜன்னல், செங்கல் பட்டைகள் என்று ஐரோப்பியர் கற்பனையில் இருந்த கீழைநாட்டு அலங்காரம். ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பாரிஸ்காரருக்கு ‘கிழக்கு வந்துவிட்டது’ என்று சொல்லும் கட்டடம் அது. இந்தப் பக்கம் ஆசியாவின் ரயில் முனையில், அனதோலியக் கிராமத்திலிருந்து வந்து இறங்குகிறவரின் முன்னால் நின்றதோ அப்பட்டமான ஐரோப்பா. ஐரோப்பாவின் வாசலில் கிழக்கு வேடம், ஆசியாவின் வாசலில் மேற்கு வேடம். இரண்டையும் வரைந்த பென்சில் ஒரே நாட்டிலிருந்து வந்தது. வருகிறவன் என்ன பார்க்க ஆசைப்படுவான், அவனுக்கு எதைக் காட்ட வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளூர்க்காரர்களின் பதில் சில ஆண்டு கழித்து வந்தது, அதுவும் சின்னதாக. நிலையத்துக்கு எதிரே தண்ணீர் ஓரத்தில் இருக்கும் படகுத்துறைக் கட்டடத்தைத் துருக்கியக் கட்டடக் கலைஞர் வேதாத் தேக் வடிவமைத்தார். முதல் உலகப்போர் காலத்து வேலை. கூர் வளைவுகள், குத்தாஹ்யா ஓடுகளின் நீலம், அகன்ற இறவாணம். பின்னால் நிற்கும் ஜெர்மன் மலைக்கு முன்னால் அது ஒரு பெட்டிக்கடை அளவுதான். ஆனாலும் ஒட்டோமான் மரபிலிருந்து நவீனக் கட்டடம் ஒன்றை எழுப்ப முடியும் என்று காட்டத் துடித்த தலைமுறையின் கையெழுத்து அதில் இருக்கிறது. இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் நான் படகுத்துறையைத்தான் சொல்வேன்.

சுல்தான் அப்துல் ஹமீது இந்த நிலையத்தைப் பற்றிச் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது: இங்கே ரயிலேறினால் இறங்காமலே மக்கா வரை போகலாம் என்று மக்கள் சொல்லும்படி ஒரு கட்டடம் வேண்டும் என்றாராம். சொன்னாரோ இல்லையோ, காலம் பொருந்தித்தான் வருகிறது. 1908 ஆகஸ்டில் ஹைதர்பாஷா திறந்தது. அதே கோடையில் டமாஸ்கஸிலிருந்து புறப்பட்ட ஹெஜாஸ் ரயில் மதீனாவை எட்டியது. ஆனால் மக்காவை அது எட்டவே இல்லை. ஹைதர்பாஷாவிலிருந்து டமாஸ்கஸுக்கும் ஒரே மூச்சில் போக முடியாது. டாரஸ், அமானுஸ் மலைகளில் சுரங்கங்கள் முடியாமல் கிடந்தன. சுல்தானுக்கும் அதிர்ஷ்டம் இல்லை. 1908 ஜூலையில் இளந்துருக்கியர் புரட்சி அவர் அதிகாரத்தைப் பறித்தது. 1909 ஏப்ரலில் அரியணையும் போனது. அந்த ஆண்டு நவம்பரில் நிலையத்துக்கு முறையான திறப்பு விழா நடந்தபோது அரியணையில் இருந்தவர் அவர் தம்பி.

முதல் உலகப்போர் வந்ததும் இது வணிக நிலையம் என்ற நிலை மாறிப் படை நிலையம் ஆனது. சிரியா, மெசபடோமியா, பாலஸ்தீனம் என்று எல்லாப் போர்முனைக்கும் வீரர்களும் வெடிபொருளும் இங்கிருந்துதான் போக வேண்டும். போனவர்கள் வீரர்கள் மட்டும் இல்லை. 1915 ஏப்ரல் 24 இரவு இஸ்தான்புல்லில் ஆர்மீனிய எழுத்தாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், குருமார்கள் என்று நூற்றுக்கணக்கானோர் வீடு வீடாகக் கைது செய்யப்பட்டார்கள். அவர்களைப் படகில் ஹைதர்பாஷாவுக்குக் கொண்டுவந்து, ரயிலில் ஏற்றி, அனதோலியாவின் உள்ளே ஆயாஷ், சாங்கிரி ஊர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் இசையமைப்பாளர் கொமிதாஸ் போன்ற சிலர் திரும்பினார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. ஆர்மீனிய இனப்படுகொலையின் தொடக்க நாளாக உலகெங்கும் நினைவுகூரப்படும் நாள் அது. இந்தப் படிக்கட்டைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போகக் கூடாது. சுற்றுலாக் கையேடுகளில் பல தாண்டிப் போகின்றன.

அதற்கு ஒரு மாதம் கழித்து, 1915 மே மாதத்தில், அதே நிலையத்தில் ஒரு வரவேற்பு விழா. வந்து இறங்கியவர்கள் நமக்குத் தூரத்து உறவு என்றே சொல்லலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டனின் மாலுமிகள் அவர்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியபோது, கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்கக் கரைக்குப் போயிருந்த சுமார் ஐம்பது பேர் தப்பிவிட்டார்கள். அவர்களின் தலைவர் ஹெல்முட் ஃபொன் மூக்கே. ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்து சுமத்ரா போனார்கள். அங்கிருந்து வேறு கப்பலில் யெமன். பிறகு படகிலும் ஒட்டகத்திலும் அரேபியக் கரையோரம், வழியில் பாலைவனத்தில் சுற்றிவளைக்கப்பட்டு நாள்கணக்கில் சண்டை. கடைசியில் ஹெஜாஸ் ரயிலைப் பிடித்து டமாஸ்கஸ், அலெப்போ. மலைகளில் தண்டவாளம் இல்லாத இடங்களைச் சாலையில் கடந்து ஹைதர்பாஷா. அங்கே ஜெர்மன் அட்மிரல் சூஷோன் காத்திருந்தார். மூக்கே அவருக்கு சல்யூட் அடித்து, ஆட்கள் வந்து சேர்ந்ததை முறைப்படி அறிவித்தார். ஒரே படிக்கட்டு, ஒரே வசந்த காலம். ஒரு கூட்டம் பூமாலையோடு இறங்கியது. அதற்குச் சில வாரம் முன்பு இன்னொரு கூட்டம் காவலோடு ஏறியது.

1917 செப்டம்பர் 6 அன்று நிலையத்திலும் துறையிலும் குவித்திருந்த வெடிபொருள்கள் வெடித்தன. நாசவேலை என்றும் விபத்து என்றும் இன்றுவரை இரண்டு கட்சி. நிறைய உயிர்ச்சேதம், கூரை எரிந்தது, சரக்கும் வண்டிகளும் நாசம். பாலஸ்தீனப் போர்முனைக்குத் திரட்டி வைத்திருந்த தளவாடம் போனதால் ஒட்டோமான் படைக்கு அது பெரிய அடி. மறு ஆண்டு போரே முடிந்து, ஆங்கிலேயப் படை வந்து நிலையத்தைக் கையில் எடுத்தது. பாக்தாத் வரை பாதை முழுமையாக ஓடியது எப்போது தெரியுமா? 1940-ல். அதற்குள் பேரரசும் இல்லை, கட்டியவர்கள் கையில் பாதையும் இல்லை. தண்டவாளம் துருக்கி, சிரியா, ஈராக் என்று மூன்று நாடுகளில் ஓடியது.

குடியரசுக் காலத்தில் நிலையத்துக்கு இரண்டாவது வாழ்வு. தலைநகரம் அங்காராவுக்குப் போனது. இஸ்தான்புல்லையும் அதையும் இணைத்தது இந்தப் பாதை. 1928-ல் அரசு அனதோலியப் பாதையையும் ஹைதர்பாஷா துறைமுகத்தையும் விலைக்கு வாங்கியது. 1930-ல் டாரஸ் எக்ஸ்பிரஸ் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து சிர்கெஜியில் இறங்குகிற பயணி, மூட்டை முடிச்சோடு படகேறி, ஹைதர்பாஷாவில், தான் வந்த ரயிலை நடத்திய அதே கம்பெனியின் தூங்கும் பெட்டியில் ஏறி அலெப்போவுக்கும் அதற்கப்பாலும் போகலாம். சரக்கு வண்டிகளுக்கு 1926 முதலே தனி ஏற்பாடு இருந்தது: தண்டவாளம் பதித்த படகில் வண்டிகளை அப்படியே உருட்டி ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள்.

துருக்கியர் மனதில் ஹைதர்பாஷா என்றதும் வருவது இந்த எக்ஸ்பிரஸ்கள் இல்லை. 1950-களிலிருந்து அனதோலியக் கிராமங்கள் இஸ்தான்புல்லுக்குப் பெயரத் தொடங்கின. டிராக்டர் வந்ததில் நிலத்தில் வேலை குறைந்தது, நகரத்தில் ஆலைகள் எழுந்தன. மரப்பெட்டியும் துணிமூட்டையுமாக ரயிலில் வந்தவர்கள் கூடத்தைக் கடந்து இந்தப் படிக்கட்டில் வந்து நின்றதும், முதன்முதலாகக் கடல், எதிரே மசூதிகளின் கோபுரங்கள், படகுகள், கடற்பறவைகள். இஸ்தான்புல்லை முதலில் பார்க்கும் இடம் இது. அந்தக் காலத் துருக்கியப் படங்களில் இந்தக் காட்சி எத்தனை முறை வந்தது என்று கணக்கே இல்லை. ‘உன்னை ஜெயித்துக் காட்டுகிறேன்’ என்று நகரத்தைப் பார்த்துச் சவால்விடும் கதாநாயகன் ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டான். 1961-ல் ஜெர்மனியோடு தொழிலாளர் ஒப்பந்தம் ஆனபின் பலருக்கு இஸ்தான்புல் கடைசி ஊராகவும் இருக்கவில்லை. ஹைதர்பாஷாவில் இறங்கி, படகேறி, சிர்கெஜியில் மியூனிக் ரயில் ஏறினார்கள். ஜெர்மானியர் வரைந்த ஒரு நிலையத்திலிருந்து ஜெர்மானியர் வரைந்த இன்னொன்றுக்கு, அங்கிருந்து ஜெர்மனிக்கே.

கடல் ஒட்டி இருப்பதன் ஆபத்தும் உண்டு. 1979 நவம்பர் 15 விடிகாலையில் ருமேனிய எண்ணெய்க் கப்பல் இண்டிபெண்டென்ட்டா, நிலையத்துக்கு எதிரே கிரேக்கச் சரக்குக் கப்பல் ஒன்றோடு மோதி வெடித்தது. சுமார் 94,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியும் எரிந்தும் போனது. 43 மாலுமிகள் இறந்தார்கள். நெருப்பு வாரக்கணக்கில் அணையவில்லை. வெடித்த அதிர்ச்சியில் காடிகோய் முழுக்க ஜன்னல்கள் உடைந்தன. லின்னமான் பட்டறையின் வண்ணக் கண்ணாடிகளும் தப்பவில்லை. பிறகு அவற்றைச் செப்பனிட்டார்கள்.

ஆனால் நிலையத்தின் வேரை அசைத்தது வெடியோ தீயோ இல்லை. 1973-ல் பாஸ்பரஸின் மேல் முதல் பாலம் திறந்தது. இனி அனதோலியாவிலிருந்து வரும் பஸ் கடலைப் பார்க்காமலே ஐரோப்பியக் கரைக்குப் போய்விடும். வந்து குடியேறுகிறவர்கள் பஸ் நிலையத்தில் இறங்கத் தொடங்கினார்கள். அடுத்தது மர்மராய் திட்டம்: நீரிணைக்கு அடியில் ரயில் சுரங்கம். கடலடியில் அகழி வெட்டி, கரையில் வார்த்த கான்கிரீட் குழாய்த் துண்டுகளை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மூழ்கடித்து இணைத்தார்கள். கடலடிப் பகுதி மட்டும் சுமார் 1.4 கிலோமீட்டர். 2013 அக்டோபர் 29, குடியரசு நாளன்று திறப்பு. இப்போது ஆசிய ரயில் ஐரோப்பாவுக்கு நேராகப் போகலாம். அந்தச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டிய ரயில், ஹைதர்பாஷாவுக்கு முன்னாலேயே பிரிந்து நிலத்துக்குள் போய்விடுகிறது. கடற்கரை முனைக்கு வந்து திரும்ப அதற்கு வேலை இல்லை. எதிர்க்கரையில் சிர்கெஜிக்கு அந்தக் கதி முழுதாக நேரவில்லை. பழைய கட்டடத்துக்கு அடியில், ஆழத்தில், அதே பெயரில் சுரங்க நிலையம் கிடைத்தது.

ஹைதர்பாஷாவிலிருந்து அங்காரா பக்கம் போகும் தொலைதூர ரயில்கள், பாதைச் சீரமைப்புக்காக என்று சொல்லி, 2012 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. 2013 ஜூனில் புறநகர் ரயிலும் நின்றது. தற்காலிகம் என்றுதான் அறிவிப்பு.

அந்த ‘தற்காலிக’த்தை ஊரில் பலர் நம்பாததற்குக் காரணம் இருந்தது. 2000-களின் நடுவிலேயே துறைமுகத்தையும் நிலையத்தையும் சேர்த்து, ஹோட்டல், வணிக வளாகம், வானுயர் கோபுரங்கள் என்று மாற்றும் திட்டம் வெளியே கசிந்திருந்தது. கடலோரத்தில், நகரத்தின் நடுவில், இவ்வளவு பெரிய அரசு நிலம் என்றால் யாருக்குத்தான் கண் போகாது? 2005-ல் கட்டடக் கலைஞர்கள், ரயில்வே தொழிலாளர் சங்கத்தார், காடிகோய்வாசிகள் சேர்ந்து ஹைதர்பாஷா ஒருமைப்பாடு என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2006-ல் நிலையமும் சுற்றுப்புறமும் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. 2010 நவம்பர் 28 அன்று கூரையில் பழுதுவேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. தரையிலிருந்தும், கடலிலிருந்து படகுகள் மூலமும் தண்ணீர் பீய்ச்சினார்கள்; அணைப்பதற்குள் அந்தப் பெரிய ஜெர்மன் கூரை போய்விட்டது. கவனக்குறைவு என்றது விசாரணை. திட்டத்தை அறிந்தவர்கள் பாதிப் பேர் வேறு மாதிரி பேசினார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. 2012-ல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் இந்த நிலையத்தைச் சேர்த்தது. ரயில் நின்ற பிறகும் அமைப்பினர் ஞாயிற்றுக்கிழமைதோறும் படிக்கட்டில் கூடி ரயிலைத் திருப்பிக் கேட்டார்கள், ஆண்டுக்கணக்கில்.

பிறகு மண்ணுக்குள்ளிருந்து ஒரு திருப்பம். 2018-ல் நடைமேடைகளைச் சீர்செய்யத் தோண்டியபோது பழைய சுவர்கள் தட்டுப்பட்டன. இது கால்கெடான் நகரத்தின் மண். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் குடியேறிய இடம்; எதிர்க்கரையில், பிற்பாடு இஸ்தான்புல் ஆன பைசாந்தியம் தோன்றுவதற்குப் பதினேழு ஆண்டு முன்பே இங்கே வந்துவிட்டார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். அதைக் கேட்ட பாரசீகத் தளபதி மெகாபாசஸ், எதிரே அவ்வளவு நல்ல இடம் இருக்க இங்கே வந்து குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றாராம். அந்தக் குருடர்களின் ஊர் இப்போது தண்டவாளத்துக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது: கல்லறைகள், நீர்த்தொட்டி, கட்டடங்களின் அடித்தளம், ஆயிரக்கணக்கான நாணயங்கள். தொல்லியல் அகழ்வு நிலத்தை மனைக்காரர்களிடமிருந்து கொஞ்ச காலம் காப்பாற்றியது என்பது உண்மை. அதே அகழ்வு ரயில் திரும்பி வருவதையும் தள்ளிப்போட்டது.

கூரை மறுபடி போடப்பட்டிருக்கிறது, கல் சுத்தம் செய்யப்பட்டிருக்கிறது. அண்மைக் காலமாக அரசு பேசுவது பண்பாட்டு மையம், கலைக்கூடம், தொல்லியல் பூங்கா என்று. ரயிலும் வரும் என்று கூடவே சொல்கிறார்கள். எத்தனை நடைமேடை, எந்த ரயில் என்பதில்தான் சண்டை. இந்த இடத்தில் பழம்பெருமை பேசுகிறவர்களைவிட ரயில்வே ஆட்களின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. அங்காராவிலிருந்து வரும் அதிவேக ரயில்கள் 2019 முதல் ஹைதர்பாஷாவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சோயுத்லுசெஷ்மே வரை வருகின்றன. அது மேம்பாலத்தின்மேல் நெருக்கிக் கட்டிய நிலையம். அடியில் பஸ்கள், பக்கத்தில் புறநகர் ரயில், மேலே வந்து நிற்கும் நீண்ட ரயிலைத் திருப்பவோ, கழுவவோ, அடுத்த பயணம் வரை ஓரமாக விட்டுவைக்கவோ இடம் இல்லை. முனையம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறதோ அந்த வேலைக்குத்தான் இங்கே தட்டுப்பாடு. கலைக்கூடத்துக்கு இஸ்தான்புல்லில் வேறு நூறு கட்டடம் கிடைக்கும். ஆசியக் கரையில் ரயில்களை நிறுத்த இவ்வளவு அகலமான நிலம், நகரத்தின் நடுவில், வேறெங்கும் கிடைக்காது.